கண்காணிக்க ஆள் எங்கே? கண்காணிப்பவருக்குக் கூலி எங்கே?



தகவல் ஆணையர் ஒருவர் பதவியேற்கும் நாளிலேயே, அவருடைய பதவி முடியும் நாளும் அரசுக்குத் தெரியும். மூன்று ஆண்டுகள் அல்லது 65 வயது, எது முந்துகிறதோ அது. அரசு அலுவலகத்தில் இவ்வளவு துல்லியமாக முன்கூட்டியே தெரிகிற விஷயங்கள் குறைவு. அப்படியிருந்தும் அந்த நாள் வருகிறது, அவர் வீட்டுக்குப் போகிறார், அறையைப் பூட்டுகிறார்கள். மாதங்கள் ஓடுகின்றன. யாராவது உச்ச நீதிமன்றத்தின் படியேறிய பிறகுதான் கோப்பு அசைகிறது. முன்பே தெரிந்த ஒரு வேலையை ஒவ்வொரு முறையும் செய்யாமல் விடுவது மறதியில் சேராது. செய்யாமல் இருப்பதில் யாருக்கோ ஆதாயம் இருக்கிறது. அந்த ஆதாயத்தின் விலையை நீங்களும் நானும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தகவல் அறியும் உரிமை (ஆர்டிஐ) மனுவோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் தோழர்களே, நூறு நாள் வேலைத் தளத்தில் வெயிலில் நிற்கும் தோழர்களே, மகளிர் குழுக்களிலிருந்து சமூகத் தணிக்கைக்குப் போய்வரும் தோழர்களே, உங்கள் எல்லோரையும் சேர்த்தே அழைக்கிறேன். ஆணையர் நியமனம் படித்தவர்களின் கவலை என்றும், தணிக்கையாளரின் சம்பளப் பாக்கி அவர்கள் துறைக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது என்றும் தனித்தனியாக ஒதுங்கி நின்றோம். அந்த இடைவெளியில்தான் இரண்டும் கைவிட்டுப் போகின்றன.

ஜார்க்கண்டைப் பாருங்கள். அந்த மாநிலத் தகவல் ஆணையத்தின் கடைசி ஆணையர் 2020 மே மாதம் வெளியேறினார். அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் அங்கே ஒருவர்கூட இல்லை. சட்டம் இருந்தது, கட்டடம் இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது. மேல்முறையீட்டை விசாரிக்க ஆள் மட்டும் இல்லை. காரணம் கேட்டால், தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் இருக்க வேண்டும், அவையில் அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் இல்லை என்றார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் இல்லாதபோது, எதிர்வரிசையில் பெரிய கட்சியின் தலைவரை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று 15-ஆவது பிரிவின் விளக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. சாக்குச் சொன்னவர்களுக்கு அந்த வரி தெரியாமல் இருக்காது. கடைசியில் 2025 ஜனவரியில், எதிர்க்கட்சி தன் உறுப்பினர் ஒருவரின் பெயரைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டி வந்தது. ஆளுங்கட்சி அவசரப்படவில்லை, எதிர்க்கட்சியும் அவசரப்படவில்லை. நாளை யார் ஆட்சிக்கு வந்தாலும் தங்களைக் கேள்வி கேட்கும் இடம் அது என்பதில் இருவருக்கும் ஒரே கணக்கு.

தென்னிந்தியாவிலும் இதே கதைதான். தெலங்கானாவில் 2023 பிப்ரவரி முதல் 2025 மே வரை ஆணையமே செயல்படவில்லை. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, பூட்டு மட்டும் திறக்கவில்லை. டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையத்தின் தலைமை நாற்காலி 2014 ஆகஸ்டிலிருந்து 2015 ஜூன் வரை காலியாகக் கிடந்தது. 2025 செப்டம்பரில் மறுபடியும் காலியானது. நிரப்ப டிசம்பர் ஆயிற்று.

ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பாலுக்கும், எதிர்க்கட்சித் தலைவர் இல்லை என்ற இதே சாக்கைத்தான் சொன்னார்கள். நாடே தெருவுக்கு வந்து வாங்கிய சட்டம் அது. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் லோக்பால் பதவியேற்றது 2019 மார்ச்சில். இடையில் ஒரு முழு நாடாளுமன்றத்தின் ஆயுளே கழிந்துவிட்டது. எதிர்க்கட்சித் தலைவர் இல்லாமலே நியமனம் செய்யலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் இரண்டு ஆண்டுகள் இழுத்தார்கள்.

காலி நாற்காலி கீழே என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வரும் இளைஞர்களுக்கு இதை விளக்க நாம் தவறிவிடுகிறோம்.

ஒரு முதியவர் தன் ஓய்வூதியக் கோப்பு எங்கே நிற்கிறது என்று 10 ரூபாய் கட்டணம் கட்டி மனுப் போடுகிறார். 30 நாளில் பதில் வர வேண்டும், வரவில்லை. முதல் மேல்முறையீடு, அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம். அங்கும் அமைதி. 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீட்டை ஆணையத்துக்கு அனுப்புகிறார். இங்கேதான் சட்டத்தில் ஓர் ஓட்டை. மனுதாரருக்கும் அலுவலருக்கும் நாள் குறித்த சட்டம், ஆணையம் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று குறிக்கவில்லை. ஆணையர்கள் முழு எண்ணிக்கையில் இருந்தாலே கட்டுகள் மலைபோல் குவியும். பாதிப் பேர் இல்லை என்றால் ஆண்டுக்கணக்கில் ஆகும்.

அந்த ஆண்டுகளில் வெறுமனே காத்திருப்பு மட்டும் நடப்பதாக எண்ணாதீர்கள். பதிவேடுகளுக்கு ஒரு வைப்புக் காலம் உண்டு. அது முடிந்தால் அழித்துவிடலாம். நீங்கள் கேட்ட ஆவணம் விசாரணை வருமுன் சட்டப்படியே குப்பைக்குப் போய்விடலாம். தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க 20-ஆவது பிரிவு இருக்கிறது. விதிப்பது யார்? ஆணையர். பிடிப்பது எதிலிருந்து? அலுவலரின் சம்பளத்திலிருந்து. ஆணையர் வந்து சேர்வதற்குள் அந்த அலுவலர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். இது எல்லா அலுவலகத்துக்கும் தெரியும். ஆணையத்தில் ஆள் இல்லை என்ற செய்தி தாலுகா ஆபீஸ் வரைக்கும் வந்து சேர்கிறது. அதன் பிறகு உங்கள் மனுவுக்கு வரும் பதிலின் தொனியே மாறிவிடுகிறது. வேண்டுமானால் மேலே போய்க்கொள்ளுங்கள் என்கிறார்கள், மேலே யாரும் இல்லை என்று தெரிந்தே.

நியமனம் எப்படி நடக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. 2019 பிப்ரவரி 15 அன்று தகவல் உரிமைச் செயற்பாட்டாளர் அஞ்சலி பரத்வாஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதவி காலியாவதற்கு ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். தெரிவுக்கான அளவுகோலைப் பொதுவில் வைக்க வேண்டும். ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்குள்ளேயே சுற்றி வரக் கூடாது. சட்டம், அறிவியல், சமூகப் பணி, இதழியல் என்று சட்டமே பல துறைகளைச் சொல்லியிருக்கிறது. இந்தத் தீர்ப்பு வந்த அதே ஆண்டில் நாடாளுமன்றம் என்ன செய்தது? ஆணையரின் சம்பளத்தையும் பதவிக்காலத்தையும் மத்திய அரசே விதி போட்டு நிர்ணயிக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தியது. அதற்கு முன் தலைமைத் தகவல் ஆணையருக்குத் தலைமைத் தேர்தல் ஆணையருக்கு இணையான ஊதியம், ஐந்தாண்டு பதவி. திருத்தத்துக்குப் பின் மூன்றாண்டு. யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவர் கையிலேயே கேட்பவரின் சம்பளச் சீட்டு.

இனிக் கீழே இறங்கிப் பார்ப்போம், ஏனென்றால் மேலே நாற்காலி காலி என்றால் கீழே வயிறு காலி.

ஊராட்சிக்கு வரும் சமூகத் தணிக்கைக் குழுவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் பெண்கள். நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவும், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரோடு கலந்து வகுத்த 2011 விதிகளும் தந்த அதிகாரத்தோடு வருகிறவர்கள். என்எம்ஆர் எனும் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். இந்த வாரம் வேலைக்குப் போனீர்களா, எத்தனை நாள், கூலி எவ்வளவு ஏறியது, வேலை அட்டை உங்கள் கையில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வெட்டியதாகச் சொல்லும் குளத்துக்குப் போய் நாடாவைப் பிடித்து அளக்கிறார்கள். அளவுப் புத்தகத்தில் உள்ள நீளமும் தரையில் உள்ள நீளமும் ஒன்றா என்று பார்க்கிறார்கள். இறந்துபோனவர் பெயரில் வருகை விழுந்திருந்தால் அதை எழுதுகிறார்கள். கடைசி நாளில் சிறப்புக் கிராம சபையில், ஊராட்சித் தலைவரும் செயலரும் எதிரே உட்கார்ந்திருக்க, எழுந்து நின்று வாசிக்கிறார்கள். இதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதை மேடையில் பேசிப் பழகிய நாமே சில நேரம் மறந்துவிடுகிறோம். நமக்குப் பின்னால் சங்கம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு துணிப்பையும் ஒரு நோட்டும் இருக்கின்றன.

அவருக்குக் கொடுக்க வேண்டிய பணம் எங்கிருந்து வருகிறது? மாநிலத்தில் திட்டத்துக்கான செலவில் அரை சதவீதத்தைத் தணிக்கை அமைப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விடுவிப்பது மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம், அதாவது எந்தத் திட்டத்தைத் தணிக்கை செய்கிறார்களோ அதே திட்டத்தை நடத்தும் அமைச்சகம். பயன்பாட்டுச் சான்றிதழ் வரவில்லை, முந்தைய தவணைக் கணக்கு முடியவில்லை, மேலிடத்து ஆர்டர் வரவில்லை என்று ஒவ்வொரு மேசையிலும் ஒரு காரணம் காத்திருக்கிறது. பல மாநிலங்களில் தணிக்கைப் பணியாளர்கள் மாதக்கணக்கில் ஊதியமே இல்லாமல் வேலை செய்த செய்திகள் நாளேடுகளில் வந்தன. வந்த வேகத்தில் மறைந்தும் போயின. கூலி 15 நாளில் வராவிட்டால் பதினாறாம் நாளுக்கு மேல் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு என்று வேலையாளுக்காகப் போராடி எழுத வைத்தோம். அந்த இழப்பீடு ஒழுங்காக வருகிறதா என்று சரிபார்க்க வருகிறவருடைய சொந்தப் படிக்கு அப்படி ஒரு நாள் கணக்கை எழுத வைக்க நாம் போராடவில்லை.

படி வராத தணிக்கையாளருக்கு என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நகரப் பேருந்து அவருக்கு இலவசம்தான். பேருந்து போகாத ஊருக்கு ஷேர் ஆட்டோ இலவசம் இல்லை. ஜெராக்ஸ் இலவசம் இல்லை. சில நாள் அதே ஊரில் தங்கி வேலை செய்ய வேண்டும். மதியச் சாப்பாடு யார் போடுவது? தணிக்கைக்கு உள்ளாகிறவரிடமிருந்து ஒரு டம்ளர் காபிகூட வாங்காமல் இருப்பதுதான் இந்த வேலையின் மானம். கையில் காசே இல்லாமல் அனுப்பிவிட்டு அந்த மானத்தைக் காப்பாற்று என்று சொன்னால், காப்பாற்றுகிறவர்கள் ஒருநாள் வேலையை விட்டுப் போவார்கள். போனவர் இடத்துக்கு வருகிறவர் யார்? படி இல்லாமலே வர வசதியுள்ளவர், அல்லது வேறு யாராவது கவனித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையோடு வருகிறவர். அடுத்த தணிக்கை அறிக்கையில் குளமும் சரியாக இருக்கும், அளவும் சரியாக இருக்கும். ஒரு கண்காணிப்பு அமைப்பைக் கலைக்க அரசாணை எதுவும் தேவையில்லை. சம்பளத்தை நாலு மாதம் நிறுத்தினால் போதும்.

இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைப் பெண்ணுக்கும் புகார் கொடுக்க இருக்கும் ஒரே கதவு அது. 2013-இல் போட்ட விதிகள் அந்தக் குழு உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 200 ரூபாயும் தலைவருக்கு 250 ரூபாயும் நிர்ணயித்தன. 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியும் போதாது என்றுதான் நாம் போராடுகிறோம். அதைவிடக் குறைவான தொகையை வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் விசாரணையை நடத்தச் சொல்கிறார்கள். பல மாவட்டங்களில் குழுவே அமையாமல் இருந்தது. 2023-இலும் 2024-இலும் உச்ச நீதிமன்றம் தேதி குறித்து உத்தரவு போட்ட பிறகுதான் ஆட்சியர் அலுவலகங்களில் அசைவு தெரிந்தது.

நீதிபதிபோல் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் நுகர்வோர் ஆணைய உறுப்பினர்களே தங்கள் ஊதியத்துக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நாடு முழுக்க ஒரே சீரான ஊதியம் தர வேண்டும் என்று 2025 மே மாதம் அங்கே உத்தரவு வாங்கினார்கள். அவர்களுக்கே அந்த நிலை என்றால் கிராமத்துத் தணிக்கையாளரின் குரல் எங்கே கேட்கும்?

நமக்குள்ளேயே எழும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆணையராக வருகிறவர் எப்படியும் ஓய்வுபெற்ற ஐஏஎஸ்ஸோ ஐபிஎஸ்ஸோதான், அவர் பதவிக்காக நாம் ஏன் தெருவில் நிற்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கோபம். தமிழ்நாட்டின் தலைமைத் தகவல் ஆணையர்கள் வரிசையில் முன்னாள் தலைமைச் செயலர் இருக்கிறார், முன்னாள் காவல்துறைத் தலைவர் இருக்கிறார். ஆனால் அந்தப் பட்டியல் அப்படி அமைந்ததற்கு நம் மௌனமும் ஒரு காரணம். விளம்பரம் வரும்போது நம்மில் தகுதியானவர்களை விண்ணப்பிக்கச் சொன்னோமா? சுருக்கப் பட்டியலைக் கேட்டோமா? பதவி காலியாகும் தேதியையாவது நம் சங்க அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டினோமா? நாம் பார்க்காத இடத்தில் தேர்வுக் குழுவின் மூன்று பேர் கூடிப் பேசி முடிக்கிறார்கள்.

சமூகச் சேவைக்குக் காசு எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை நம் அணிகளுக்குள் யாரும் இனி எழுப்பக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். வேலைக்குக் கூலி என்பது நம் இயக்கத்தின் முதல் பாடம். ஏழைப் பெண் செய்யும் வேலைக்கு மட்டும் சேவை என்று பெயர் வைத்துக் கூலியைத் தள்ளிப்போடும் வழக்கத்துக்கு நாம் துணை போக மாட்டோம்.

இந்த உரிமையெல்லாம் எங்கே தொடங்கியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற ஊரில் 1994 டிசம்பரில் கூலித் தொழிலாளிகள் கூடி, பொதுப்பணிக் கணக்கை உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. 1996-இல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்று முழங்கினார்கள். அந்த முழக்கம்தான் 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமானது, சமூகத் தணிக்கை விதியானது. தினக்கூலி வாங்குகிறவர்கள் வாங்கித் தந்த சட்டத்தை, நாற்காலியைக் காலியாக வைத்தே முறிக்கப் பார்க்கிறார்கள்.

இப்போது ஏன் அவசரம் என்றால், 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்தின் இடத்தில் 125 நாள் என்று சொல்லும் புதிய சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. செலவில் 40 சதவீதத்தைத் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்கிறது அது. அந்தச் சட்டத்தின் மேல் நமக்குள்ள எதிர்ப்பு தனி. அந்தப் போராட்டம் நடக்கும். ஆனால் விதிகள் எழுதப்படும்போது சமூகத் தணிக்கையாளரின் சம்பளம் எந்தத் தலைப்பில், யார் கையிலிருந்து, எத்தனை நாளில் என்பதை எழுத வைக்காவிட்டால், மத்திய அரசு மாநிலத்தைக் கைகாட்டும், மாநிலம் மத்திய அரசைக் கைகாட்டும். நடுவில் அந்தப் பெண் நிற்பார்.

ஆகவே தோழர்களே, இந்த மாதமே தொடங்குங்கள். ஒவ்வொரு மாவட்டக் கிளையும் ஓர் ஆர்டிஐ மனுப் போடட்டும். மாநிலத் தகவல் ஆணையத்தில் அனுமதித்த பணியிடம் எத்தனை, இப்போது இருப்பவர் எத்தனை, அடுத்து எந்தத் தேதியில் எது காலியாகிறது, அதற்கான அறிவிப்பு எப்போது, தேர்வுக் குழு கடைசியாகக் கூடியது என்று? நம் மாவட்டத்தின் உள்ளூர்க் குழு உறுப்பினர்களுக்கும் சமூகத் தணிக்கைப் பணியாளர்களுக்கும் எந்த மாதம் வரை படி கொடுக்கப்பட்டிருக்கிறது, பாக்கி எவ்வளவு, கோப்பு யார் மேசையில்? ஒரே வாசகம், எல்லா மாவட்டத்திலிருந்தும். பதில்களை ஒன்றுசேர்த்து ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டின் சட்டமன்ற உறுப்பினர்கள் கையிலும் கொடுப்போம். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்போம்.

தணிக்கைக் குழு ஊருக்கு வரும்போது சங்கத் தோழர்கள் கூடவே நடங்கள். அவர்கள் வேலையில் தலையிடாதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். சாப்பாட்டுச் செலவைச் சங்கம் ஏற்கலாமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். நாமும் அவர்கள் கண்டுபிடிப்பில் அக்கறை உள்ளவர்கள்தான். நம் சோறும் அவர்களுக்குப் பாரம். அரசு தர வேண்டியதை அரசிடமிருந்து வாங்கித் தருவதே நாம் செய்யக்கூடிய உதவி. அந்தப் பணியாளர்கள் சங்கமாகத் திரள விரும்பினால் நம் அலுவலகத்தின் கதவைத் திறந்து வையுங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நமக்கு இருக்கின்றன. அடுத்து வருவதில் இந்தத் தீர்மானத்தை வையுங்கள்: ‘தகவல் ஆணையம் உள்ளிட்ட கண்காணிப்பு அமைப்புகளில் பதவி காலியாவதற்கு மூன்று மாதம் முன்பே நியமனப் பணியைத் தொடங்க வேண்டும். சமூகத் தணிக்கைப் பணியாளர்களுக்கும் உள்ளூர்க் குழு உறுப்பினர்களுக்கும் சேர வேண்டிய ஊதியம், படி முழுவதையும் 15 நாளுக்குள் வழங்க வேண்டும். தவறினால் இழப்பீட்டோடு வழங்க வேண்டும். இந்த நிதியைத் தணிக்கைக்கு உள்ளாகும் துறையின் கையிலிருந்து பிரித்துத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.’

அதிகாரிகள் இது ஊராட்சிக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்பார்கள். தணிக்கை நடப்பது எங்கள் ஊராட்சியில்தான் என்று சொல்லுங்கள். பிறகு எழுதிக்கொள்கிறோம், இப்போது கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். தீர்மானம் வரிக்கு வரி பதிவேட்டில் ஏறியதை நேரில் படித்துப் பார்க்கும்வரை ஒருவரும் கையெழுத்துப் போடாதீர்கள்.